எந்த ரோட்டில்தான் ஓடுகிறார்கள்?

ரவுடிக் கும்பலிடமிருந்து தப்பி ஓடுகிற கதை என்றாலே நம் சினிமாக்காரர்களுக்குக் கேரள எல்லைதான் ஞாபகத்துக்கு வருகிறது. வரட்டும், சந்தோஷம். ஆனால் பாலக்காட்டு எல்லையில் வாளையாறைத் தாண்டிய கார் அடுத்த வளைவிலேயே இடுக்கியின் மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் எப்படி? பாலக்காடும் இடுக்கியும் ஒட்டிக் கிடக்கிற மாவட்டங்களா? நடுவில் திருச்சூரும் எர்ணாகுளமும் இருக்கின்றன. எல்லையோர ஊர்களில் உட்கார்ந்து படம் பார்க்கிற எங்களுக்கு அந்த இடத்திலேயே கதை விட்டுப்போகிறது. சிக்கிக்கொள்வார்களோ என்ற பதைப்புதான் துரத்தல் படத்துக்கு உயிர். வழியே பொய் என்றால் பதைப்பு எங்கிருந்து வரும்?

கேட்டால், சின்ன பட்ஜெட், இவ்வளவுதான் முடிந்தது என்கிறார்கள். என் ஆற்றாமையே அதுதான். கையில் காசில்லாத இயக்குநருக்கு ரோடுதானே முதல்? அதை ஏன் வீணடிக்கிறீர்கள்?

பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குத் தப்பி ஓடுகிறவனைக் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குக் கொண்டுவாருங்கள். உடுமலை, சின்னாறு, மறையூர் என்று மலையேறட்டும். கேரளாவை விட்டு வெளியே வந்து, மறுபடியும் கேரளாவுக்குள்ளேயே நுழைகிற வழி அது. எல்லையை இரண்டு தடவை கடந்தாக வேண்டும். சின்னாறில் வனத்துறை செக்போஸ்ட் நிற்கிறது. மறையூரில் சந்தனக் காட்டுக்குக் காவல் இருக்கிறது. பரம்பிக்குளம் இன்னும் அருமையான இடம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் காரில் போவதென்றால் தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே ஒளியப் போனவன் வந்த வழியேதான் திரும்ப வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கலை எந்தக் கதாசிரியர் உட்கார்ந்து யோசித்துவிடுவார்?

தேனிப் பக்கம் வாருங்கள். விடிந்ததும் கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஏலத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும். மடியில் தூக்குவாளியோடு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக ஏற்றி, குமுளி வழியாக இறக்குவார்கள். அந்த நெரிசலில் துரத்துகிறவனும் ஓடுகிறவனும் மாட்டினால் என்ன ஆகும்? எந்தப் படத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை. படங்களில் வருகிற எங்கள் ரோடுகளில் எப்போதும் ஆளே இருப்பதில்லை. எதிரே ஒரு பஸ்கூட வருவதில்லை.

எங்கள் ஜனங்களையும்தான் எப்படிக் காட்டுகிறார்கள்! கஞ்சா கடத்துகிறவன், அரிவாள் தூக்குகிறவன், இல்லையென்றால் சிரிப்புக்காகத் தமிழையும் மலையாளத்தையும் குழப்பிப் பேசுகிற டீக்கடைக்காரர். சித்தூர்த் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேட்டிலும் தமிழ்வழிப் பள்ளிகள் நடக்கின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கே தமிழ் பேசிப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓடி வருகிறவனுக்கு ஒருவேளைச் சோறு போட்டு, ஒற்றையடிப் பாதை காட்டிவிடுகிற ஆளாக அவர்களில் ஒருவர்கூட வரக்கூடாதா?

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2010 தீபாவளிக்கு வந்த பிரபு சாலமனின் ‘மைனா’, குரங்கணி மலைப்பக்கம் போய், நடந்தே தீர வேண்டிய பாதையைக் கதையாக்கியது. அதில் நடித்த தம்பி ராமையாவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. 2021இல் மலையாளத்தில் மார்ட்டின் பிரக்காட்டின் ‘நாயாட்டு’ மூன்று போலீஸ்காரர்களை மூணாறுக்கு ஓடவிட்டது. எழுதிய ஷாஹி கபீர் போலீஸ் வேலை பார்த்தவர். தெரிந்த உலகத்தை எழுதியதால்தான் அந்தப் பயம் நமக்கும் ஒட்டிக்கொள்கிறது.

ட்ரோன் வாடகைக்கு ஒதுக்குகிற காசில் கொஞ்சம் எடுத்து, கதை எழுதுகிறவரை உடுமலையில் மூணாறு பஸ் ஏற்றிவிடுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கே நிறுத்துகிறார்கள், யார் ஏறுகிறார்கள், எங்கே சிக்னல் போகிறது என்று எழுதிக்கொண்டு வரட்டும். அதன் பிறகு கேமராவை எடுத்து வாருங்கள். பெரிய நடிகர் இல்லாவிட்டாலும் டிக்கெட் வாங்கிப் பார்க்க எல்லையின் இரண்டு பக்கமும் நாங்கள் இருக்கிறோம்.