மே மாதத்தில் தவறியவருக்கு ஆகஸ்டில் இடம்!

பிளஸ்-2 பரீட்சை முடிவு மே மாதத்தில் வருகிறது. அன்று தெருவெல்லாம் இனிப்பு வழங்குகிறார்கள். சில வீடுகளில் மட்டும் அடுப்பு எரிவதில்லை.

2025-ம் ஆண்டு முடிவு மே 8-ந் தேதி வெளியாயிற்று. 7 லட்சத்து 92 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பரீட்சை எழுதியிருந்தார்கள். நூற்றுக்கு 95 பேர் பாஸ். எல்லோரும் அந்த 95 பேரைப் பற்றியே பேசினார்கள். மீதி 5 பேர் என்ன ஆனார்கள்? நூற்றுக்கு 5 என்றால் சிறியதாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் 39 ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் வருகிறது!

ஒரு பாடத்தில் 35 மார்க் வாங்க வேண்டும். 33 வாங்கினாலும் பெயில்தான். மற்றப் பாடங்களில் 80, 90 என்று வாங்கியிருந்தாலும் அந்த ஒரு பாடம் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தாத்தா காலத்தில் பரீட்சையில் தவறினால், "அக்டோபரில் எழுதிப் பார்" என்பார்கள். அக்டோபரில் தேறினாலும் கல்லூரி அடுத்த ஆண்டுதான். ஒரு வருஷம் போனது போனதுதான். இப்போது அப்படி இல்லை. துணைத் தேர்வு ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ நடந்துவிடுகிறது. முடிவும் சில வாரங்களில் வந்துவிடுகிறது. அதில் தேறியவர் அந்த ஆண்டே கல்லூரியில் சேரலாம்.

சேரலாம் என்பது சட்டம். சேர முடிகிறதா என்பது வேறு கேள்வி.

பந்தி முடிந்த பிறகு

துணைத் தேர்வில் தேறும் பையன் கையில் மார்க் ஷீட் வருவதற்குள் கல்லூரிகளில் பாதிக் காரியம் முடிந்து விடுகிறது. கலை, அறிவியல் கல்லூரிகள் மே மாதத்திலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடுகின்றன. நல்ல பெயர் எடுத்த கல்லூரியில் பி.காம். இடமெல்லாம் ஜூன் மாதத்திலேயே தீர்ந்துவிடும். நம் பையன் ஜூலை கடைசியில் போய் நிற்கிறான். பந்தி முடிந்து இலை எடுக்கும் நேரத்தில் சாப்பிட வந்தவன் மாதிரி!

ஆனால் என்ஜினீயரிங் கல்லூரிகளின் நிலைமை வேறு. அங்கே இலை காலியாகக் கிடக்கிறது. உட்கார ஆள் இல்லை.

இது எப்படி? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். 1984-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் தனியார் என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு வழி திறந்தது. பிறகு அவை மளமளவென்று பெருகின. ஒரு கட்டத்தில் அவற்றின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. அதன் பின் மாணவர்கள் குறைந்தார்கள். பல கல்லூரிகள் கதவை மூடின. இன்றும் 400-க்கு மேல் இருக்கின்றன. அரசாங்கக் கலந்தாய்வுக்கு வரும் இடங்கள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். கலந்தாய்வின் சுற்றுகள் எல்லாம் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கில், பல ஆண்டுகளில் பத்தாயிரக்கணக்கில், இடங்கள் மிஞ்சுகின்றன.

மிஞ்சிய இந்த இடங்களுக்குத்தான் ஆகஸ்டு மாத வாக்கில் "துணைக் கலந்தாய்வு" நடக்கிறது. துணைத் தேர்வில் தேறியவர்கள் இதில் கலந்து கொள்ளலாம். மே மாதத்திலேயே பாஸ் செய்தும் முதலில் விண்ணப்பிக்காமல் விட்டவர்களும், விண்ணப்பித்து இடம் கிடைக்காதவர்களும் வரலாம்.

இந்தச் செய்தி எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துக்கும் பையனுக்கும் மே மாதத்தோடு தொடர்பு விட்டுப் போகிறது. பெயில் ஆன பையன் வாத்தியார் முகத்தில் விழிக்கவே வெட்கப்படுகிறான். வீட்டில் கேட்டால் அப்பா கோபிப்பார். கடைசியில் அவன் காதில் விழுவது தரகர் சொல்லும் செய்திதான்.

தரகர் விற்கும் சரக்கு

"தம்பி பாஸ் பண்ணட்டும். சீட்டு நான் வாங்கித் தருகிறேன். இப்போதே அட்வான்ஸ் கட்டிவிட்டால் நல்லது. பிறகு கிடைக்காது!"

இப்படிப் பேசுபவர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. இடம் இருக்கத்தான் செய்கிறது. "பிறகு கிடைக்காது" என்பது மட்டும்தான் பொய்.

அவர் வாங்கித் தருவது நிர்வாக ஒதுக்கீட்டு இடம். தனியார் கல்லூரிகள் 100 இடங்களில் 65 இடங்களை அரசாங்கக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரியானால் 50 கொடுத்தால் போதும். மீதி இடங்களைக் கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும். அதற்குக் கட்டணம் அதிகம். தரகருக்குக் கிடைப்பதும் அதிலிருந்துதான்.

இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வரப்போகும் பிள்ளைக்கு அரசாங்கம் கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. 2010-ம் ஆண்டிலிருந்து இது நடைமுறைக்கு வந்தது. இந்தச் சலுகை அரசாங்கக் கலந்தாய்வு வழியாக வந்தவருக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குக் கிடையாது.

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் போன்ற தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு ஏழரை இடங்கள் தனியாக ஒதுக்கும் சட்டம் 2021-ல் வந்தது. அந்த இடத்தில் சேரும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். இதுவும் கலந்தாய்வு வழியாகத்தான்.

இப்போது ஒரு தகப்பனாரை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் மே மாதத்தில் ஒரு பாடத்தில் தவறிவிட்டான். இவர் பதறிப்போய் நகையை அடகு வைத்து ஒரு கல்லூரியில் நிர்வாக இடத்துக்கு முன்பணம் கட்டுகிறார். ஆகஸ்டில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு, அரசாங்க ஒதுக்கீட்டில் காலியாக இருக்கிறது! அங்கே வந்து சேரும் வேறொரு பையனுக்கு முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்கிறது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பாடத்தைப் படிக்கிறார்கள். ஒருவன் வீட்டு நகை அடகுக் கடையில் இருக்கிறது.

கட்டிய பணம் திரும்புமா?

"கொடுத்துத் தொலைத்தாயிற்று, இனி என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்து விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கண்டிப்பாக அறிவித்தது. எவ்வளவு சீக்கிரம் விலகுகிறோமோ அவ்வளவு அதிகம் திரும்பக் கிடைக்கும். அசல் சர்டிபிகேட்டுகளைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. சரிபார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட வேண்டும். என்ஜினீயரிங் கல்லூரிகளைக் கவனிக்கும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் இதையேதான் சொல்கிறது.

ஆனால் இதெல்லாம் கல்லூரிக்குக் கட்டி ரசீது வாங்கிய பணத்துக்கு. தரகர் கையில் கொடுத்த பணத்துக்கு ரசீது ஏது?

மிஞ்சியது எல்லாம் மட்டமா?

துணைக் கலந்தாய்வில் கிடைப்பது கழித்துப்போட்ட இடம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். பாதி உண்மை. மூன்று சுற்றுகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேண்டாம் என்று தள்ளிய கல்லூரிகள் அந்தப் பட்டியலில் நிறைய இருக்கும். ஆசிரியர் போதாத கல்லூரி, ஆய்வுக்கூடம் பெயருக்கு மட்டும் இருக்கும் கல்லூரி எல்லாம் அதில் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் சேர்ந்து நான்கு ஆண்டு கழித்துப் பாதிப் பாடங்களில் "அரியர்" வைத்துக்கொண்டு வெளியே வருவதைவிடச் சேராமல் இருப்பதே மேல். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மற்றப் பாதியையும் பார்க்க வேண்டும். எல்லோரும் கம்ப்யூட்டர் படிப்பையே கேட்கிறார்கள். அதனால் சிவில், மெக்கானிக்கல் போன்ற பிரிவுகள் நல்ல கல்லூரிகளிலும் காலியாக நிற்பதுண்டு. வீடு கட்டுவதும் பாலம் கட்டுவதும் நாட்டில் நின்றுவிடவில்லையே! இன்னொரு காரணமும் இருக்கிறது. என்ஜினீயரிங்கில் இடம் பிடித்த பிறகு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்துச் சிலர் விலகுவார்கள். அவர்கள் விட்ட இடம் நல்ல இடமாகவே இருக்கும். மருத்துவக் கலந்தாய்வு தாமதமாகும் ஆண்டுகளில் அந்த இடங்கள் யாருக்கும் பயன்படாமல் நான்கு ஆண்டும் காலியாகவே கிடக்கின்றன. ஒரு பக்கம் இடம் இல்லை என்று அழுகை. இன்னொரு பக்கம் வெறும் பெஞ்சு. இரண்டு கலந்தாய்வுகளின் தேதிகளையும் ஒத்துப்போகச் செய்தால் தீர்கிற காரியம் இது.

ஆகவே மிஞ்சிய இடம் என்றவுடன் ஒதுக்கவும் வேண்டாம், ஓடிப்போய்ப் பிடிக்கவும் வேண்டாம். அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவில் போன ஆண்டு எத்தனை பேர் தேறினார்கள் என்று கேட்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகப் பரீட்சைத் தேர்ச்சி விவரம் வெளியிடப்படுகிறது. அதைப் பார்க்கலாம். அங்கே படிக்கும் பக்கத்து ஊர்ப் பையனை விசாரிப்பது இன்னும் நல்லது.

கலந்தாய்வு நடக்கும் விதம்

கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. மொத்தம் 200 மார்க்குக்குத் தர வரிசை போடுகிறார்கள். 2007-ல் நுழைவுத் தேர்வு ஒழிந்த பிறகு பிளஸ்-2 மார்க் ஒன்றுதான் கணக்கு. 2018-லிருந்து எல்லாம் இன்டர்நெட் வழியாகவே நடக்கிறது. முன்பு போல மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்காக மாவட்டந்தோறும் சேவை மையங்கள் அமைக்கிறார்கள்.

வேண்டிய கல்லூரிகளை விருப்பப்படி வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் எழுதலாம். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். மூன்றே மூன்று பெயரை எழுதிவிட்டு இடம் வரவில்லை என்று வருந்துகிறார்கள். துணைக் கலந்தாய்வில் திரும்பத் திரும்ப வாய்ப்பு வராது. சில நாட்களில் முடிந்துவிடும். தேதி அறிவித்த அன்றே தெரியாமல் ஒரு வாரம் கழித்துத் தெரிந்தால், தெரிந்தும் பயன் இல்லை.

என்ஜினீயரிங் வேண்டாதவர்களுக்கு

கணக்கு எடுக்காத பிள்ளைக்கு இந்தக் கதையெல்லாம் உதவாது. அவர்கள் அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடங்களுக்கு நடக்கும் பிந்திய சுற்றுகளைக் கவனிக்க வேண்டும். தமிழ், வரலாறு, பொருளாதாரம் போன்ற பாடங்களில் அப்போதும் இடம் இருக்கும். பிளஸ்-2 தேறியவர், உரிய பாடங்கள் படித்திருந்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டில் சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. படிப்பிலும் நேரடியாக 2-ம் ஆண்டில் நுழையலாம். வேலைக்குப் போயே தீர வேண்டிய பிள்ளைக்குத் தொலைதூரக் கல்வி இருக்கிறது. அதற்கு ஜூலையில் தவறினால் ஜனவரியில் மறுபடி சேர்க்கை உண்டு.

பெண் குழந்தைகள் விஷயத்தில் ஒரு வருஷம் என்பது வெறும் ஒரு வருஷம் அல்ல. பையன் பெயில் ஆனால், "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்கிறார்கள். பெண் பெயில் ஆனால் அடுத்த மாதமே ஜாதகத்தை எடுக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்கு 2024-ல் வந்தது. துணைத் தேர்வில் தேறி ஆகஸ்டில் ஒரு கல்லூரியில் பெயர் பதிந்துவிட்டால் ஜாதகம் பெட்டிக்குள் திரும்பிப் போகும். பதியாவிட்டால் அந்தப் பெண்ணைக் கேட்பார் யாரும் இல்லை.

பிளஸ்-2 முடித்தும் கல்லூரியில் சேராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க "உயர்வுக்குப் படி" என்ற பெயரில் மாவட்டந்தோறும் முகாம்கள் நடத்தியிருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் பெயில் ஆனவரைத் தேடும் வேலை மே 8-ந் தேதியிலேயே ஆரம்பிக்க வேண்டும். தேறாதவர்களின் பட்டியல் ஒவ்வொரு பள்ளியிலும் அன்றே இருக்கிறது. துணைத் தேர்வுக்குப் பணம் கட்டும் தேதியோடு துணைக் கலந்தாய்வு என்று ஒன்று இருப்பதையும் சேர்த்துச் சொல்ல ஒரு போன் போதும்.

சர்டிபிகேட்டுக்காக நழுவும் இடம்

கடைசி நேரத்தில் பலரைக் கவிழ்ப்பது மார்க் அல்ல, காகிதம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் பதிந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போய் வர வேண்டும். அதற்கு நாளாகும். கலந்தாய்வோ சில நாட்களில் முடிந்துவிடுகிறது. துணைத் தேர்வு முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பையன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஜூன் மாதத்திலேயே அப்பாவோ அம்மாவோ போய்ப் பதிந்துவிடலாம்.

ஏழரை சதவீத இடத்துக்கு 6-ம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான அத்தாட்சி வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் படித்த எல்லாப் பள்ளிகளின் விவரமும் வேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் ஜூனில் திறந்ததும் தலைமை ஆசிரியரைப் பார்த்து அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பணம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.