அம்மாள் என்றொரு எழுத்தாளர்

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில், முதுகில் 'அம்மா' என்று சீட்டு ஒட்டிய புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. எடுத்துப் பார்த்தால் ஒன்று, 'ஜகன்மோகினி' இதழை நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் எழுதியது. அடுத்தது பண்டித விசாலாட்சி அம்மாள். பக்கத்திலேயே 'அம்மை' என்றொரு சீட்டு. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி, 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அங்கே இருக்கிறார். ராஜம் கிருஷ்ணனைத் தேடினால் 'ரா'வில் இல்லை. கணவர் பெயரில், 'கிரு'வில் இருக்கிறார்.

இது எப்படி நடந்தது? பழைய நூற்பட்டியலைக் கோஹா மென்பொருளுக்கு மாற்றியபோது, ஒப்பந்தம் எடுத்தவர்கள் எல்லாப் பதிவுகளுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்து ஒரே இரவில் ஓட்டிவிட்டார்கள். ஆசிரியர் பெயரின் கடைசிச் சொல்லை எடுத்து முன்னால் போடு. 100ஆம் புலத்தின் முதல் குறியீட்டை 1 ஆக்கு. 1 என்றால், முன்னால் நிற்பது குடும்பப் பெயர் என்று பொருள். சீட்டுகளும் அதைப் பார்த்தே அச்சாயின.

ஆண்களுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. எஸ். ஆர். ரங்கநாதன் 'ரங்கநாதன், எஸ். ஆர்.' ஆனார். ஊரும் அப்பாவும் இனிஷியலுக்குள் ஒதுங்கிக்கொள்ள, கடைசியில் நிற்பது அவருடைய சொந்தப் பெயர். பெண்களிலும் ஆர். சூடாமணி தப்பித்தார். ஆனால் பல பெண்களின் பெயரில் கடைசியாக நிற்பது கணவர், இல்லையென்றால் மரியாதைக்கு ஒட்டிய 'அம்மாள்'. கணினிக்கு ஆண், பெண் தெரியாது என்கிறார்கள். சரி. கட்டளை எழுதியவர் யாருடைய பெயரை மனதில் வைத்து எழுதினார்?

மொத்தமாகத் திருத்தித் தரும்படி எழுத்தில் கேட்டேன். "எந்தச் சொல்லைப் போட்டாலும் தேடலில் வருதே மேடம், நாலு பெண்களுக்காக எல்லாத்தையும் கலைக்கணுமா?" என்றார் பொறுப்பாளர். பெயர் தெரிந்தவளுக்குத்தான் தேடல் உதவும். பெயர் தெரியாத மாணவி அலமாரியில் விரலை ஓட்டித்தான் ஒரு எழுத்தாளரைக் கண்டெடுக்கிறாள். அவள் விரலுக்கு 'அம்மா' மட்டும் தட்டுப்பட்டால் போதுமா?

"ராஜம் கிருஷ்ணன் அவங்களே வச்சுக்கிட்ட பெயர்தானே?" என்றும் கேட்டார். ஆமாம். ஆனால் தன் பெயரை முன்னால் வைத்துக்கொண்டார். அந்த வரிசையைக் குலைக்க நாம் யார்? தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் இல்லையென்றால் இயற்பெயரில் பதியும்படி ஆங்கிலோ-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளே சொல்கின்றன. 'அம்மாள்' எந்தக் குடும்பத்தின் பெயர்?

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பதிவாகத் திறந்து திருத்த எனக்கு ஆயுள் போதாது. அந்தப் பொறுமை வேலை கடைசியில் ஒரு பெண் ஊழியர் தலையில்தான் விழும் என்பதும் தெரியும். மொத்தமாகவே மாற்றுங்கள். ஆனால் எந்தெந்தப் பெயர் மாற வேண்டும் என்ற பட்டியலை நூலகர் தயாரிக்கட்டும். முதலில் தரவு முழுவதையும் நகல் எடுங்கள்; ஓட்டி முடித்த பிறகு பழையபடி திருப்பிப் போடப் பொத்தான் கிடையாது. பத்துப் பதிவுகளில் ஓட்டி, கண்ணால் பார்த்த பிறகு மீதிக்குப் போங்கள். சான்று வேண்டுமா? புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தில் உள்ள பெயர் 245ஆம் புலத்தில் குலையாமல் அப்படியே இருக்கிறது. 'கிருஷ்ணன்' என்று தேடி வருகிறவர்களுக்கு 'காண்க' என்று ஒரு குறிப்பு போதும்.

என் கோரிக்கை இன்னும் கோப்பில்தான் கிடக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கல்லூரி நூலகத்தில் ராஜம் கிருஷ்ணன் எந்த எழுத்தில் இருக்கிறார் என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். 'கி'யில் இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒருத்தி கேட்டால் அது மேடத்தின் பிடிவாதம். நாற்பது பேர் கேட்டால் அது செய்தே ஆக வேண்டிய வேலை.