தடுப்பூசித் தயக்கம்: வடக்கு எதை நினைத்துப் பயப்படுகிறது?

2021 செப்டெம்பரில் 20 முதல் 29 வயது வரையானவர்களுக்குத் தடுப்பூசி போடும் பணி ஆரம்பமானது. ஓகஸ்ட் 20ஆம் திகதி தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு அப்போதும் தொடர்ந்தது. கொவிட் மரணங்கள் பத்தாயிரத்தைத் தாண்டியிருந்தன. ஆனாலும் வடக்கில் ஊசி போட வரும் இளைஞர்கள் குறைவு என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுந்தது. கூடவே, "எங்கட சனத்துக்கு விளக்கமில்லை" என்ற தீர்ப்பும் வந்தது. அந்த வாரங்களில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பலருடன் பேசிய பிறகு, அந்தத் தீர்ப்பு அவசரமானது என்றே எனக்குப் படுகிறது.

முதலில் ஒரு விடயத்தை நினைவுபடுத்த வேண்டும். 2021 ஆரம்பத்தில் இங்கு எவரும் ஊசியை மறுக்கவில்லை. ஊசிதான் வரவில்லை. இந்தியா அன்பளிப்பாக வழங்கிய ஐந்து இலட்சம் கொவிஷீல்ட் ஊசிகளுடன் ஜனவரி 29ஆம் திகதி நாட்டில் இந்தத் திட்டம் தொடங்கியது. சுகாதாரப் பணியாளர்களுக்கும் படையினருக்கும் பிறகு, பெப்ரவரியில் மேல் மாகாணப் பொதுமக்களின் முறை வந்தது. முதியவர்களுக்கே முன்னுரிமை என்பதுதான் உலக சுகாதார ஸ்தாபனத்தின் பரிந்துரை. இங்கோ 30 வயதுக்கு மேற்பட்டவர்களை அழைத்தார்கள். அதை மருத்துவர்கள் விமர்சித்தார்கள். இந்தியாவில் தொற்று பெருகி ஏற்றுமதி நின்றதும், முதல் ஊசி போட்ட சுமார் ஆறு இலட்சம் பேர் இரண்டாவதற்காகக் காத்திருந்தார்கள். ஜப்பான் வழங்கிய அஸ்ட்ராசெனகா ஜூலை கடைசியில் வந்து சேரும்வரை அந்தக் காத்திருப்பு நீடித்தது.

யாழ்ப்பாணத்துப் பொதுமக்களுக்கென முதலாவது தொகுதியாக 50,000 சினோபார்ம் ஊசிகள் வந்தபோது மே மாதம் முடிந்துகொண்டிருந்தது. மாவட்டத்தின் சனத்தொகை ஆறு இலட்சம் அளவில். தொற்று அதிகமுள்ள கிராம அலுவலர் பிரிவுகளைத் தெரிவுசெய்து வழங்கினார்கள். பக்கத்துப் பிரிவுக்குக் கிடைத்தது, எங்களுக்கு ஏன் இல்லை என்று அப்போது கேட்டவர்களும் இதே சனம்தான். மருந்தே வேண்டாம் என்று சொல்லும் சமூகம் அப்படிக் கேட்காது.

அப்போது தயங்கிய இளையவர்களிடம் கேட்டபோது இரண்டு காரணங்கள் வந்தன. ஒன்று வெளிநாட்டுப் பயணம். கனடாவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் சினோபார்மை அப்போது ஏற்றிருக்கவில்லை. கணவரின் ஸ்பொன்சருக்காகக் காத்திருக்கும் பெண்ணும், படிக்கப் போக இருக்கும் பெடியனும் "பைஸர் வரட்டும்" என்று பொறுத்திருந்தார்கள். குடும்பத்தின் எதிர்காலமே ஒரு விசாவில் தங்கியிருக்கும் மண்ணில் இதை வீம்பு என்று ஒதுக்கிவிட முடியாது.

மற்றது பிள்ளைப்பேறு. ஊசி போட்டால் பிள்ளை தங்காது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் நாடு முழுவதும்தான் சுற்றியது. காலியிலும் குருநாகலிலும்கூட அதை நம்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் கிளிநொச்சியில் அந்த வதந்தி விழுந்த நிலம் வேறு.

2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் பிள்ளைகளின் சத்துக்குறைவைப் பரிசோதிப்பதாகச் சொல்லித் தாய்மாரை அழைத்தார்கள். வந்தவர்களுக்குப் போதிய விளக்கமும் முழுச் சம்மதமும் இல்லாமல், கைத்தோலுக்கு அடியில் வைக்கும் கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதைச் சிவில் அமைப்புகள் ஆவணப்படுத்தின. கிளினிக்குக்கு என்று போன இடத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட கதை அது. எட்டு வருடம் கழித்து அதே மாவட்டத்தில், "ஊசிக்கு வாருங்கள்" என்ற ஒலிபெருக்கி அறிவித்தலைக் கேட்கும் ஒரு தாய் தன் மகளை உள்ளே இருக்கச் சொன்னால், அவளிடம் நாங்கள் முதலில் கேட்க வேண்டியது என்ன?

முன்னாள் போராளிகளிடம் இந்தப் பயம் இன்னும் நேரடியானது. புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்று இறந்துவிட்டார்கள் என்றும், தடுப்பில் இருந்தபோது ஏற்றப்பட்ட ஊசிகள் குறித்துச் சந்தேகம் உண்டு என்றும் 2016இல் பெரும் சர்ச்சை எழுந்தது. அதற்கு முந்தைய ஒக்ரோபரில் தமிழினி புற்றுநோயால் இறந்திருந்ததும் அந்தச் சந்தேகத்தை வளர்த்தது. வட மாகாண சபை மருத்துவப் பரிசோதனை கோரியது. அரசாங்கம் மறுத்தது. 'விச ஊசி' என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்தச் சொல் ஊரில் தங்கிவிட்டது.

முல்லைத்தீவில் நான் சந்தித்த ஒருவர் புனர்வாழ்வு பெற்று வந்தவர். வயது நாற்பதைத் தாண்டியும் அப்போது ஊசி போட்டிருக்கவில்லை. "தம்பி, ஊசிக்குப் பயமில்லை. சீருடைக்காரர் பேர் பதியிற இடத்தில போய் நிக்கத்தான் மனம் வருகுதில்லை" என்றார். அதற்கு மேல் அவர் எதையும் விளக்கவில்லை.

இந்தத் தொற்றுக்காலத்தைச் சுகாதார அமைச்சைவிட இராணுவமே முன்னின்று நடத்தியது. கொவிட் தடுப்புக்கான தேசிய செயற்பாட்டு மையத்தின் தலைவராக இருந்தவர் அப்போதைய இராணுவத் தளபதி சவேந்திர சில்வா. இறுதி யுத்தத்தில் 58ஆவது டிவிஷனுக்குத் தலைமை தாங்கியவர் அவர். போர்க்கால மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி அமெரிக்கா 2020 பெப்ரவரியில் அவருக்குப் பயணத்தடை விதித்தது. 2021ஆம் ஆண்டு பிறக்கும்போதே 25 மாவட்டங்களுக்கும் படை அதிகாரிகள் கொவிட் இணைப்பாளர்களாக நியமிக்கப்பட்டிருந்தார்கள். கொழும்பில் ஒருவருக்கு இது ஒழுங்கும் வேகமும் கொண்ட நிர்வாகமாகத் தெரியலாம். தன் பிள்ளையை வட்டுவாகலில் படையினரிடம் கையளித்துவிட்டுப் பல வருடமாகத் தேடுகிற தாய்க்கு அப்படித் தெரியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. "விஞ்ஞானத்தை நம்புங்கள்" என்று 2021இல் சொன்ன அதே அரசுதான், கொவிட்டில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்ற உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலைப் புறந்தள்ளிப் பத்து மாதத்துக்கும் மேலாக முஸ்லிம் உடல்களைக் கட்டாயமாக எரித்தது. 2021 பெப்ரவரி கடைசியில் அனுமதி கொடுத்ததும் இரணைதீவைக் காட்டியது. கடற்படையிடமிருந்து தங்கள் தீவை 2018இல்தான் மீட்டுத் திரும்பிய மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் போராடிய பிறகே ஓட்டமாவடி தெரிவானது. அரசு தனக்கு வசதியான நேரத்தில் மட்டுமே விஞ்ஞானத்தைக் கையில் எடுத்தது என்பதைச் சனம் கவனித்துக்கொண்டுதான் இருந்தது.

இதையெல்லாம் சொல்வதால் தயக்கத்தை நான் நியாயப்படுத்துவதாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பயத்துக்கு வரலாறு இருக்கிறது என்பதால் பயம் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. சினோபார்ம் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்டு தயாரிக்கப்படுவது. போலியோவுக்கு எதிரான ஊசி மருந்தும் இதே பழைய முறையில்தான் செய்யப்படுகிறது. உடம்புக்குள் அந்த வைரஸ் பெருக முடியாது. உலக சுகாதார ஸ்தாபனம் 2021 மே 7ஆம் திகதி அதை அங்கீகரித்தது. 2021 ஜூன் முதல் நாட்டில் கர்ப்பிணிகளுக்கும் அது வழங்கப்பட்டது. மாறாக, கொவிட் தொற்றிக் கர்ப்பிணிகள் பலர் இறந்திருக்கிறார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானோர் 60 வயதைக் கடந்தவர்கள். வெளிநாடுகளின் பயண விதிகள் நாளைக்கு மாறக்கூடும். ஊசி போடாத பேரன் வீட்டுக்குக் கொண்டுவரும் தொற்று, அம்மம்மாவுக்கு அவ்வளவு அவகாசம் தராது.

அப்படியானால் நம்பிக்கை எங்கிருந்து வரும்? எங்கள் சொந்த அனுபவத்திலேயே அதற்குப் பதில் உண்டு. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் அடையாளம் காணப்பட்டார். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் போலியோ சொட்டு மருந்துக்காக யுனிசெப்பின் முயற்சியில் இரு தரப்பும் துப்பாக்கிகளை நிறுத்திய அமைதி நாட்கள் இருந்தன. செல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் வன்னித் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அந்த மருந்தும் கொழும்பிலிருந்துதான் வந்தது. ஆனால் அதைக் கொடுத்தது ஊருக்குத் தெரிந்த குடும்பநல உத்தியோகத்தரின் கை. பிள்ளை பிறந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்து நிறை பார்த்தவர் அவர். இன்றைக்கும் குழந்தைகளுக்கான தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருக்காத தாயை எங்கள் ஊர்களில் காண்பது அரிது.

ஆகவே செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. தடுப்பூசி நிலையங்களின் வாசலிலிருந்தும் பதிவு மேசையிலிருந்தும் சீருடையை அகற்றலாம். பொறுப்பை முழுமையாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் கொடுக்கலாம். எந்த ஊசி, எந்தப் பிரிவுக்கு, ஏன் என்பதை முன்கூட்டியே தமிழில் எழுதி ஒட்டலாம். பிள்ளைப்பேறு பற்றிய கேள்விக்கு, அந்தப் பெண்ணை நெருக்கமாக அறிந்த குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுத் திண்ணையில் இருந்து பதில் சொல்லலாம். முன்னாள் போராளிகளுக்கு அவர்கள் நம்புகிற வைத்தியர்களிடம் போட வழி செய்யலாம்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. வேரவில்லில் நடந்தது என்ன, தடுப்பு முகாம்களில் நடந்தது என்ன என்ற கேள்விகளை நாங்கள் விடத் தேவையில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்க ஆட்கள் உயிரோடு இருக்க வேண்டும். யுத்தத்தின் சாட்சிகளில் பலர் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் இருக்கிற வீட்டில் ஊசி போடாமல் எஞ்சியிருப்பவர் யார் என்று இன்றைக்கே பாருங்கள்.