எமது வீதியின் முகத்துக்கு ஒப்பமிடுவது எவர்?

1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அந்நாளுக்கும் யாழ்ப்பாண நகரத்துக் கடைத்தெருவுக்கும் யாது தொடர்பு? சரித்திரத்தில் யாதுமில்லை. யாழ்ப்பாண அரசு அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் முன்னரே, 1619 இல், போர்த்துக்கேயரிடம் வீழ்ந்துவிட்டது. ஆயினும் சட்டத்தில் தொடர்புண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் அந்நாளுக்கு முற்பட்ட கட்டடத்தையே புராதனச் சின்னம் எனக் கொள்ளுகின்றது. பிற்பட்டதாயின், அமைச்சர் தனிக் கட்டளை பிறப்பித்தாலன்றி அதற்கு அக்காப்பு இல்லை.

ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோட்டை இக்கோட்டுக்கு உள்ளே நிற்கின்றது. வேல்ஸ் இளவரசரின் 1875 ஆம் ஆண்டு வருகையின் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரமும், பெரிய கடைப் பகுதியில் ஆங்கிலேயர் காலத்தில் எழுந்த ஓட்டுக் கூரைக் கடைகளும், அக்காலத்துத் தூண் விறாந்தை வீடுகளும் தாமாக உள்ளே நுழைய மாட்டா. அந்நியன் கட்டிய அரணுக்குக் காப்பு. எம்மவர் உழைப்பில் எழுந்த கடைத்தெருவுக்கு அமைச்சரின் தயவு! ஈதென்ன நீதி?

இக்கடைத்தெரு எவர் உழைப்பில் எழுந்தது? கமக்காரன் துலா மிதித்து இறைத்து வளர்த்த புகையிலை திருவிதாங்கூர் வரை சென்றது. அதன் பயன் இந்நகரத்துக்கு வந்து கல்லாகவும் சுண்ணாம்பாகவும் பனை மரமாகவும் நின்றது. ஆதலின் இது நகரத்தாருக்கு மாத்திரம் உரிய விடயமென்று கிராமத்தவர் ஒதுங்குதல் தகாது.

1981 இல் நூலகமும் கடைகளும் தீக்கிரையாயின. 1990 இல் கோட்டைப் போரில், 1706 இல் கட்டப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் அழிந்தது. அவை தீயும் குண்டும் செய்த வேலை. எஞ்சியதை இன்று இடிப்பவர் எவர்? மனச்சாட்சியைத் தொட்டுச் சொல்லுவோம்: நாமே! ஓட்டை இறக்குகின்றோம். தூணைத் தகர்க்கின்றோம். வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கிய விறாந்தையைக் கண்ணாடியால் அடைக்கின்றோம். முகப்பு முழுவதையும் அலுமினியத் தகட்டால் மூடி, அதன்மேல் ஆளுயரப் பெயர்ப்பலகையும் மாட்டுகின்றோம். பிறர் எம் வரலாற்றை மறைக்கின்றனர் என்று மேடையில் முழங்கும் நாம், எம் கையாலேயே அதனை மூடுகின்றோம்.

“காணி என்னுடையது, உறுதி என் பெட்டகத்தில், கேட்க நீர் யார்?” என்பர் சிலர். அவர்களுக்கு எமது தேசவழமையையே எடுத்துக் காட்டுகின்றோம். ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த அவ்வழமை, பங்குக் காணியை விற்க முனைபவன் தன் பங்காளிக்கு முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும் என்றது. 1947 ஆம் ஆண்டின் முன்விற்பனை உரிமைச் சட்டமும் அதனை ஏற்றது. உரிமை உண்டு, அதற்கு வரம்பும் உண்டு என்பது எமது பழைய நீதி. கடையின் உட்புறம் உரிமையாளனுக்குரியது. வீதியை நோக்கிய முகத்திலோ ஊரவர் அனைவருக்கும் பங்குண்டு.

அனுமதி வேண்டும் என்கின்றோம். ஆயின் எத்தகைய அனுமதி? வணிகர் ஒருவர் மாநகரசபைக்கும் நகர அபிவிருத்தி அதிகார சபைக்கும், கோட்டைக்கு அண்மையிலாயின் தொல்பொருள் திணைக்களத்துக்கும் அலைகின்றார். எத்தகைய முகப்புப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் படவரைஞரிடம் பணம் கொடுக்குமுன் அறிந்துகொள்ள அவருக்கு வழியுண்டா? விதி மறைந்திருக்கும் இடத்தில் அதிகாரியின் மனமே விதியாகின்றது. அங்கே செல்வாக்குள்ளவன் நுழைவான். மற்றவன் திண்ணையிற் காத்திருப்பான்.

காலிக் கோட்டையைப் பாருங்கள். 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்த அந்நகருக்கு, 1994 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் தனி மன்றம் ஒன்றை நிறுவியது. அங்கே ஓடும் விறாந்தையும் நிலைத்தன. ஆனால் வீட்டுக்குரிய பழங்குடிகள் பலர் விற்றுச் சென்றனர். விடுதிகளும் உணவகங்களும் குடிபுகுந்தன. சுவரைக் காத்து மனிதரை இழக்கும் வழியையும் நாம் வேண்டோம்.

நாம் வேண்டுவது இது. முதலாவது, காக்கவேண்டிய வீதிகளையும் கட்டடங்களையும் பெயர் குறித்து, வரைபடத்துடன் தமிழில் வெளியிடுதல் வேண்டும். வட மாகாணத்தின் நிருவாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பு. இரண்டாவது, முகப்பு, உயரம், கூரை, விறாந்தை, பெயர்ப்பலகை ஆகிய ஐந்துக்கு மாத்திரமே வடிவமைப்பு அனுமதி கோருதல் வேண்டும். உள்ளே தட்டு அடிக்க எவர் ஒப்பமும் வேண்டா. மூன்றாவது, முப்பது நாளுள் முடிவு கூறாவிடின் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளல் வேண்டும். இடிப்பதற்கு மட்டும் இவ்விதி செல்லாது; இடித்தது மீளாது. நான்காவது, மறுப்பாயின் காரணத்தை எழுத்திற் கூறுதல் வேண்டும், மேன்முறையீடும் வேண்டும். ஐந்தாவது, பழைய முகத்தைப் பேணுபவருக்கு ஆதன வரியில் சலுகை அளித்தல் வேண்டும். ஊருக்காகச் செலவைச் சுமப்பவனை ஊர் தாங்குவதே முறை.

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம், தேசிய முக்கியத்துவமுடையவை எனப் பாராளுமன்றச் சட்டத்தின்கீழ் பிரகடனம் செய்யப்பட்டவை தவிர்ந்த வரலாற்றுச் சின்னங்களை மாகாண சபைகளின் நிரலில் வைத்தது. வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. அதற்காக நாம் வாளாவிருத்தல் ஆகாது. 2025 மே மாதத்தில் நாம் வாக்களித்து அமைத்த மாநகரசபை இருக்கின்றது. உபவிதி ஆக்கும் அதிகாரத்தை 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு அளித்துள்ளது. அவ்வதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் செய்து பார்த்தே அறிதல் வேண்டும்.

சட்டம் கற்றோரும் கட்டடக்கலை கற்றோரும் வரைவை எழுதித் தருதல் வேண்டும். வணிகர் தம் குறைகளைச் சபையில் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். வெங்காய மூடையுடன் நகருக்கு வரும் கமக்காரன் தன் பாட்டன் ஒதுங்கிய விறாந்தை எங்கேயென்று உறுப்பினரைக் கேட்டல் வேண்டும். எமது வீதிக்கு நாமே விதி எழுதாவிடின் ஒருநாள் கொழும்பிலிருந்து விதி வரும். அதற்கிடையில் காப்பதற்கு ஏதும் எஞ்சாது போகவுங்கூடும். இரண்டும் எமக்கு இழிவே. வரைவு மாநகரசபையின் மேசைக்குச் செல்லட்டும்!