திரை இருண்டால் கணக்கு அழிந்துவிடாது

மளிகைக் கடையானாலும் மொத்த மண்டியானாலும் இன்று பில் போடுவதும் கணக்கு வைப்பதும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான். ஒரு நாள் காலையில் அது திரை காட்டாமல் நின்றுவிட்டால் வியாபாரமே நின்றதுபோல் ஆகிவிடுகிறது. அந்தப் பதற்றத்தில், பழுது பார்க்க வருபவர் "ஃபார்மட் அடித்தால்தான் சரியாகும்" என்றதும் பல கடைகளில் தலையாட்டிவிடுகிறார்கள். இந்த வழக்கம் நிற்க வேண்டும் என்பதே நமது கருத்து.

திரையில் படம் வருவதற்கென்றே 'டிஸ்பிளே டிரைவர்' என்ற புரோகிராம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. விண்டோஸ் தானாக அப்டேட் ஆகும்போது சில சமயம் இதுவும் மாறுகிறது. புதிதாக வந்தது நம் மெஷினுக்கு ஒத்துவராவிட்டால் திரை கறுத்துப்போகும். சரக்கு இருப்பும், வரவேண்டிய பாக்கியும், ஜி.எஸ்.டி. கணக்கும் ஹார்ட் டிஸ்கில் அப்படியேதான் இருக்கும். ஷட்டர் சிக்கிக்கொண்டது என்பதற்காகக் கிடங்கையே காலி செய்வார் உண்டா?

சரிசெய்யும் முறை கடினமானதல்ல. முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், விண்டோஸ் கிளம்பும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், பிறகு 4 என்ற எண்ணை அழுத்தினால் 'சேஃப் மோட்' திறக்கும். அங்கே சாதாரண டிரைவரே வேலை செய்வதால் படம் தெரியும். முதல் வேலையாகக் கணக்கை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டரைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் பழைய டிரைவர் திரும்பிவிடும். சில லேப்டாப்புகள் இடையில் 48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்கும். அதை இன்றே ஒரு தாளில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள்.

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனம் அனுப்பிய தவறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது பாதுகாப்பு புரோகிராமின் கோளாறு. டிஸ்பிளே டிரைவர் அல்ல. ஆனாலும், சேஃப் மோடில் போய்ப் பழுதான ஒரு ஃபைலை நீக்குவதே அதற்குச் சொல்லப்பட்ட தீர்வு. யாரும் எல்லாவற்றையும் ஃபார்மட் அடிக்கச் சொல்லவில்லை.

கணக்கு அழிந்தால் நஷ்டம் பாக்கி வசூலோடு முடிவதில்லை. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான பேக்கப் இருக்க வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. "மெக்கானிக் அழித்துவிட்டார்" என்று அதிகாரியிடம் சொல்லித் தப்ப முடியாது.

ஆகவே வியாபாரிகளுக்கு நாம் சொல்வது இதுதான். தினமும் கடை சாத்துமுன் பேக்கப் எடுத்து, அந்தப் பென் டிரைவைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தீபாவளி, பொங்கல் வியாபார நாட்களில் அப்டேட்டைத் தள்ளிவையுங்கள்; விண்டோஸிலேயே அதற்கு வசதி உண்டு. ஆனால் அடியோடு நிறுத்திவிடக் கூடாது; வைரஸ் வர அதுவே வழியாகும். கவுண்டர் விற்பனை தடைபடாமல் இருக்க, தனி வரிசை எண்ணோடு அச்சடித்த பில் புத்தகம் ஒன்று மேஜையில் இருக்கட்டும்.

நம் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல டெக்னீஷியனை அழைத்து, கடைப் பையன்களுக்கு இதைச் செய்து காட்டச் செய்ய வேண்டும். அரை நாள் வகுப்பு போதும். காப்பி எடுக்காமல் யாரையும் கம்ப்யூட்டரில் கைவைக்க விடாதீர்கள்.