தட்டுக்குப் பூட்டு உண்டா?

மயிலாப்பூரில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். வீணை வாத்தியாரம்மா. 2009-ம் வருஷம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று ஆரம்பப் பாடங்களை வீடியோ எடுத்து, டி.வி.டி. தட்டுகளில் பதிந்து விற்றால் என்ன? கைவளை ஒன்றை அடகு வைத்தாள். காமிராக்காரரைக் கூப்பிட்டாள். கூடத்து ஜன்னலுக்குப் போர்வை கட்டி, அடுப்பில் குக்கர் ஊதாமல் பார்த்துக்கொண்டு, ஒன்பது நாளில் படத்தை முடித்தாள். தட்டு ஒன்றுக்கு விலை 200 ரூபாய்.

டிசம்பர் ஸீஸனில் ஸபா வாசலில் ஒரு மாமா அவளைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, உங்கள் தட்டு பிரமாதம்! ஒன்று வாங்கினேன். பையனிடம் கொடுத்து நாலு காப்பி போடச் சொல்லி, நாலு மாட்டுப்பெண்களுக்கும் அனுப்பிவிட்டேன்" என்றார். முகத்தில் எவ்வளவு பெருமை என்கிறீர்கள்! அவளுக்கு வர வேண்டிய 800 ரூபாயைத் தாம் தடுத்துவிட்டோம் என்று அந்த நல்ல மனுஷருக்குத் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலமே சிநேகிதி என்னிடம் ஓடிவந்தாள். "இந்தத் தட்டுக்குப் பூட்டு ஒன்றும் கிடையாதா?"

கோலமோ, சமையலோ, பாட்டோ படமெடுத்துத் தட்டில் போட்டு விற்கும் சகோதரிகள் இன்றும் இருக்கிறார்கள். அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பூட்டு உண்டு. சினிமாக் கம்பெனிகள் 1996-லிருந்தே தங்கள் டி.வி.டி.களுக்கு ஸி.எஸ்.எஸ். என்ற ரகசியப் பூட்டைப் போட்டன. ஆனால் அது தொழிற்சாலையில் அச்சாகும் தட்டுகளுக்குத்தான். நாம் கடையில் வாங்கும் வெறும் தட்டில் அந்தச் சாவியை எழுதும் இடத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டிருப்பார்கள். நாம் எவ்வளவு முயன்றாலும் அங்கே எழுத முடியாது.

முடியாமல் போனதில் பெரிய நஷ்டமும் இல்லை! 1999-ல் நார்வே நாட்டில் யோன் யோஹான்சன் என்ற 15 வயதுப் பையனும் இன்னும் இரண்டு பேரும் அந்தப் பூட்டைத் திறக்கும் உபாயத்தை உலகத்துக்கே வெளியிட்டுவிட்டார்கள். வழக்குப் போட்டார்கள், 2003-ல் பையன் விடுதலையானான். பாட்டுத் தட்டுகளின் கதை இன்னும் வேடிக்கை. ஒரு பெரிய கம்பெனி போட்ட காவலை, தட்டின் விளிம்பில் சாதாரண மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்தே தாண்டலாம் என்று 2002-ல் கண்டுபிடித்துவிட்டார்கள்.

காரணம் சுலபம். வாங்கினவர் வீட்டில் படம் ஓட வேண்டுமென்றால், பூட்டோடு சாவியையும் அவர் வீட்டுக்கே அனுப்பியாக வேண்டும். திருட வருகிறவனுக்கு அது போதாதா? தட்டில் வேண்டுமென்றே பழுது வைத்துக் காப்பியைத் தடுக்கும் வித்தையும் உண்டு. அதைச் செய்தால் நாணயமாகக் காசு கொடுத்த பாட்டியின் பழைய பிளேயர்தான் முதலில் மக்கர் பண்ணும். அவள் தட்டைத் திருப்பிக்கொண்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவாள்.

பின்னே என்ன செய்வது? எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டச் சொல்கிறோமே, எதற்கு? பூட்டவா செய்கிறோம்? கல்யாண வீட்டுக்குப் போன அண்டா வீடு திரும்பத்தானே?

தட்டிலும் பெயரை வெட்டுங்கள். படத்தின் ஓரத்தில் போட்டால் ஓரத்தை நறுக்கிவிடுவார்கள். விரல் தந்தியை மீட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே மெல்லிய எழுத்தாகப் போடுங்கள். பாடத்தின் நடுவே வாயாலும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். தயாரித்தவர் பெயரும் விலாசமும் உறையிலும் திரையிலும் இருக்க வேண்டும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஏ பிரிவே சொல்கிறது. ஸரளி வரிசை புரந்தரதாசருடையதல்லவா என்று யாராவது வாதம் பண்ணலாம். பண்ணட்டும்! நீங்கள் எடுத்த படம் உங்களுடையதுதான். வெளியிட்டு 60 வருஷம் உங்களுக்கு உரிமை உண்டு. பதிவு செய்துகொள்ள வேண்டிய கட்டாயமும் கிடையாது. உங்கள் தட்டை யாராவது நூறு நூறாகக் காப்பி போட்டு விற்றால் போலீஸுக்குப் போகலாம்.

ஆனால் மாமாவின் பேரில் போலீஸுக்கா போவது? அவருக்காகத்தான் சிநேகிதி இன்னொரு வேலை செய்தாள். அடுத்த தடவை தட்டுப் பதிந்தபோது, ஒவ்வொன்றிலும் முதல் திரையை மட்டும் மாற்றி, 'இந்தத் தட்டு இன்னாருக்காகப் பதிந்தது' என்று வாங்குகிறவர் பெயரைப் போட்டாள். வேலை அதிகந்தான். நூறு தட்டு விற்கிற நமக்கு அது முடியும். ஆயிரக் கணக்கில் விற்கும் கம்பெனிக்கு முடியாது.

இரண்டாம் பாகம் வெளியானதும் மாமா வழக்கம்போல் ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து டெலிபோனில் கூப்பிட்டார். குரலில் சுரத்தே இல்லை.

"மூத்தவள் பெயர் போட்டு வாங்கினேன், அம்மா. காப்பியிலும் அவள் பெயரே வருகிறதாம். மற்ற மூன்று பேரும், 'எங்கள் பெயர் போட்டது எங்கே?' என்கிறார்கள். இன்னும் மூன்று தட்டு வேண்டும். பெயர்களை எழுதிக்கொள்கிறீர்களா?"