ஓட்டுக் கேட்கலாம், கணக்குக் கேட்கக் கூடாது

சட்டமன்றத் தேர்தல் நெருங்கினால் எங்கள் தெருவுக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். ஒருவர், கையில் டேப்லெட்டோடு வரும் சர்வே பையன். "ஆட்சி எப்படி இருக்கு? யாருக்கு ஓட்டு?" என்று பத்துக் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவான். மற்றவர், "என்ன சார், முழங்கால் வலி பரவாயில்லையா?" என்று உள்ளே வந்து உட்கார்ந்து, காபி குடித்து, எழுந்திருக்கும்போது மெதுவாக விஷயத்தைச் சொல்லும் தெரிந்தவர். இந்த இரண்டு பேரும் இப்போது ஒரே ஆளாகிக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் என் கவலை.

முதலில் சர்வே. கருத்துக் கணிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். ஒழுங்காக எடுத்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரியும். ஆனால் நம் ஊரில் அது தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. 2016-இல் பல வாக்குக் கணிப்புகள் ஆட்சி மாறும் என்று சொல்லின. ஜெயலலிதாவே மீண்டும் முதல்வரானார். ஏன்? திண்ணையில் வைத்துக் கேள்வி கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்ப்பார். கேட்பவர் முகம் கோணாத பதிலைச் சொல்லி அனுப்புவது நம் பழக்கம். வீட்டு அம்மாவிடம் கேட்டால் ஐயா பதில் சொல்வார். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் இப்போது ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். அவர்கள் வாயே திறக்காத கணக்கு எப்படிச் சரியாக வரும்?

தெரிந்தவர் கணக்கு வேறு. கட்சிகளின் உண்மையான சொத்து அதுதான். என் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வாக்காளர் பட்டியலின் ஒரு பாகத்தை எடுத்துக்கொண்டு, தெருவில் பழக்கமுள்ள நாலு பேர் ராத்திரி டீக்கடை பெஞ்சில் உட்காருவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் ஒரு குறி. நம்ம ஆள், எதிர்க்கட்சி, சந்தேகம். 'சந்தேகம்' என்று போட்ட வீடுகளுக்கு மறுநாள் யார் போவது என்று முடிவாகும். மாமன் மச்சான் போனால் கேட்பாரா, கூடப் படித்தவன் போனால் கேட்பாரா, ரைஸ் மில் முதலாளி போனால் கேட்பாரா? இந்தப் பொருத்தம் பார்ப்பதுதான் தேர்தல் வேலை.

அதன் பலம் என்ன என்பதற்குச் சில எண்கள் போதும். 1967-இல் விருதுநகரில் காமராஜர் தோற்றது 1,285 வாக்குகளில். 2016-இல் ராதாபுரத்தில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 49. 2021-இல் சென்னை தியாகராய நகரில் 137. நாற்பத்தொன்பது பேர் என்பது ஒரு டவுன் பஸ் கூட்டம். ஒரு கல்யாணப் பந்தியில் பாதி கூட இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் எந்தக் கணிப்பும் உதவாது. "அக்கா, வெயிலுக்கு முன்னாடி போய்ட்டு வந்துடலாம், வாங்க" என்று கூப்பிட்ட பக்கத்து வீட்டுக்காரிதான் முடிவைத் தீர்மானித்திருப்பாள்.

நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். 1980 முதல் ஓய்வு பெறும்வரை பல தேர்தல்களில் வாக்குச் சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன். அரசு ஊழியன் என்பதால் யாருக்காகவும் வாய் திறக்க முடியாது. ஓய்வுக்குப் பிறகு அந்தத் தடை இல்லை. போன தேர்தலில் உறவுப் பையன் ஒருவன் ஒரு கட்சியின் பூத் பொறுப்பாளராக இருந்தான். "பெரியப்பா, இந்தப் பட்டியல்ல உங்ககிட்ட படிச்சவங்க நூறு பேராவது இருப்பாங்க. ஒரு போன் போட்டுச் சொன்னா போதும்" என்று வந்து நின்றான்.

அவன் செல்போனில் காட்டியதைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. பழைய பென்சில் குறி இல்லை அது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் நம்பர், சாதி, எந்த அரசுத் திட்டத்தில் பணம் வருகிறது, யாருக்குக் கடன், யார் சொன்னால் கேட்பார்கள் என்று எல்லாம் இருந்தது. கடைசிக் கட்டத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. சர்வே பையன் கேட்டு எழுதியதும், தெரிந்தவர் காபி குடித்துக்கொண்டே கேட்டதும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன.

"இதில் என்ன தப்பு? ஊரில் யார் எந்தக் கட்சி என்று எல்லாருக்கும் தெரிந்ததுதானே?" என்று என் நடைப்பயிற்சி நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஊருக்குத் தெரிவது வேறு, ஆட்சிக்கு வருபவர் கையில் பட்டியலாக இருப்பது வேறு. ஊர் மறந்துவிடும், பட்டியல் மறக்காது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் மின்னணு இயந்திரம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவடியின் எண்ணிக்கையும் தனித்தனியாகத் தெரிகிறது. படிவம் 20 என்ற பெயரில் அது வெளியாகவும் செய்கிறது. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. 2015-இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. நடைமுறைக்கு வரவில்லை. ஒரு சாவடி என்பது ஆயிரம் பேர் சுற்றளவுதான். நம் பக்கத்தில் சில சாவடிகள் ஒரே காலனி, ஒரே தெரு. அந்தத் தெரு என்ன செய்தது என்று மறுநாளே தெரிந்துவிடும். "உங்க தெருவுல எங்களுக்கு விழலையே" என்று குழாய்த் தண்ணீர் கேட்கப் போன பெண்களிடம் ஒருவர் சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பையனிடம் நான் சொன்னது இதுதான். "நான் யாருக்கு ஓட்டுப் போடப் போகிறேன், ஏன் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பழைய மாணவன் வீட்டுக்கு வந்தால் அவனோடு வாதாடவும் தயார். ஆனால் போன் போட்டு 'நீ எந்தப் பக்கம்' என்று கேட்டு உன் செல்போனில் கலர் போட மாட்டேன்." வாத்தியார் கேட்டால் அந்தப் பிள்ளைகளால் 'சொல்ல மாட்டேன்' என்று சொல்ல முடியாது. மளிகைக் கடைக்காரர் கேட்டால் கடன் வைத்தவரால் முடியாது. நிலக்காரர் கேட்டால் கூலிக்குப் போகிறவரால் முடியாது. பழக்கம் என்பது அன்பு மட்டுமல்ல, அதற்குள் ஒரு அழுத்தமும் இருக்கிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 94: யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பிரிவு 128 வாக்கு ரகசியத்தைக் காக்கும் பொறுப்பைச் சாவடி அதிகாரிகளுக்கு மட்டுமல்ல, கட்சி ஏஜெண்டுகளுக்கும் வைத்திருக்கிறது. மீறினால் மூன்று மாதம் வரை சிறை.

ஆகவே கட்சிக்கு உழைக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள்: தெரிந்தவர் வீட்டுக்குப் போங்கள், கையைப் பிடித்து ஓட்டுக் கேளுங்கள், வயதானவர்களுக்குச் சாவடி எங்கே என்று சொல்லுங்கள். அதற்குத்தான் உறவும் பழக்கமும். பதிலை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. யார் வந்து கேட்டாலும் நம் பாட்டிமார்கள் சொல்லிவந்த பதில் ஒன்று இருக்கிறது: "பாத்துப் போடுவோம்ப்பா." அதற்கு மேல் ஒரு சொல் கூடத் தேவையில்லை.